செவ்வாய்ப்பேட்டை பைண்டர் கடை: அப்பாவின் கேஸ் பெட்டிக்கு ஏழு வால்யூம்

பழைய பத்திரிகை, வார இதழ், கோர்ட் கட்டு, தாத்தா காலத்துக் கணக்கு நோட்டு என்று எதையாவது வீட்டில் வைத்துக்கொண்டு, சேலத்தில் யாரிடம் கொடுத்து பைண்டிங் செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் மண்டிகள் இருக்கும் பக்கம், ஒரு பருப்பு மண்டிக்கும் கொலுசுப் பட்டறைக்கும் நடுவில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை இருக்கிறது. எட்டுக்குப் பத்து அடி இருந்தால் அதிகம். பைண்டர் கடை எது என்று கேட்டால் மூட்டை இறக்குகிறவர்களே கை காட்டுவார்கள்.

ஏழு வால்யூம் கட்டக் கொடுத்தேன். ஒன்றுக்கு 380 ரூபாய், மொத்தம் 2,660. இருபது நாளில் தருகிறேன் என்றார், நாற்பத்தொரு நாள் ஆனது. ரொக்கம்தான் வாங்குகிறார், ரசீது கிடையாது. இதெல்லாம் இருந்தும் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். ஏன் என்று புரிய வேண்டுமானால், நான் கொடுத்த சரக்கு என்னவென்று முதலில் சொல்ல வேண்டும்.

நான் பேப்பர் ஏஜென்ட். சேலத்தில் குகை என்ற பகுதியில் எங்கள் லைன், அதாவது நாங்கள் பேப்பர் போடும் தெருக்கள். அப்பா 1968-ல் தொடங்கியது. விடியற்காலை நாலு மணிக்குக் கட்டு இறங்கும், பிரித்து, இணைப்பு சொருகி, பையன்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஆறரைக்குள் வீடுகளுக்குப் போய்விட வேண்டும். அப்பா போன புரட்டாசியில் தவறிவிட்டார். அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. எங்கள் வீட்டில் அதற்குக் கேஸ் பெட்டி, அதாவது வழக்குப் பெட்டி, என்று பெயர். ஐம்பது வருஷம் கோடிக்கணக்கான எழுத்துகள் அவர் கைவழியாகப் போயிருக்கும். அதில் அவர் எடுத்து வைத்தவை ஒரே வகைதான். எந்த இதழுக்காக யாரையாவது பிடித்தார்களோ, எதைத் தடை செய்தார்களோ, எதன்மேல் வழக்கு விழுந்ததோ, அந்த இதழில் ஒரு பிரதி பெட்டிக்குள் போகும். ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டு இரண்டு வரி எழுதி வைப்பார். விற்காமல் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் கணக்கில் அந்தப் பிரதியைக் காட்ட மாட்டார், காசைக் கையிலிருந்து போடுவார்.

இப்போது ஒரு பழைய வருத்தம். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெட்டியிலிருந்து ஒரு கட்டை எடுத்து, அப்பாவுக்குச் சொல்லாமல், வேறொரு இடத்தில் பைண்டிங் செய்யக் கொடுத்தேன். அவர் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று ஆசை. அவர்கள் வழக்கப்படி செய்தார்கள்: அட்டைகளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு உள்பக்கத்தை மட்டும் சேர்த்து, மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் கொடுத்துப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டினார்கள். தொடர்கதை கட்டும்போது அப்படித்தான் செய்வார்களாம். நான் கொடுத்ததோ அவசரநிலைக் காலத்துக் கட்டு. அதில் 1975-ல் சென்சார் வந்தபோது முழுக் கறுப்பு அட்டையோடு வந்த துக்ளக் இதழ் இருந்தது. அந்த இதழ் சொல்ல வந்ததே அந்த அட்டைதான். அதுதான் குப்பைக்குப் போனது. ஓரத்தில் இருந்த அப்பாவின் பென்சில் எழுத்தும் துண்டு துண்டாக வெட்டுப்பட்டுப் போனது. அப்பா திட்டவில்லை. வால்யூமை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார், எழுத்து பாதியில் நின்ற இடங்களில் விரலை வைத்தார், மூடி வைத்துவிட்டு லைன் வசூலுக்குக் கிளம்பினார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அதனால் இந்தக் கடைக்குப் போகும்போது பயந்துகொண்டேதான் போனேன். பைண்டர் ஐயாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கட்டை அவிழ்த்து முதல் இதழைக் கையில் எடுத்தார். பசையும் ஊசியும் ஒருபக்கம் தள்ளி வைத்தார். என்ன ரேட், என்ன கலர் ரெக்சின் என்று பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எதை வெட்டக் கூடாது தம்பி? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார்.

எதையும் வெட்டக் கூடாது ஐயா என்றேன். சரி என்று ஒரு சாக்பீஸ் எடுத்து, சுவரில் சாய்த்திருந்த பலகையில் என் கட்டுக்கு நேராக 'வெட்டு இல்லை' என்று எழுதி வைத்தார். நாற்பத்தொரு நாளும் அது அங்கேயே இருந்தது. போகும்போதெல்லாம் பார்த்தேன்.

வேலை எப்படி என்று சொல்கிறேன். செய்தித்தாள் காகிதம் சீக்கிரம் பழுப்பேறி முறுகிவிடும். மடிப்பில் கை பட்டால் உதிரும். முதுகில் பசை தடவி ஒட்டுகிற இன்றைய முறை இதற்கு ஆகாது. ஐயா துருப்பிடித்த பின்களைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்தார். கிழிந்த மடிப்புகளுக்கு உள்பக்கமாக மெல்லிய டிஷ்யூ பேப்பர் ஒட்டினார். பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாக, பிரித்து, நாடா வைத்து, நூலில் தைத்தார். பசை மைதாவில் காய்ச்சியது. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுகிறார். கடையில் பசையின் பச்சை வாசனை இருந்துகொண்டே இருக்கும். தைத்த வால்யூமை மேசையில் விரித்து வைத்தால் நடுப்பக்கம் முழுசாகப் படிக்க முடிகிறது, ஓரத்து எழுத்து மடிப்புக்குள் போய் ஒளியவில்லை. பைண்டிங் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அங்கே இருந்தபோது ஏற்காட்டு காப்பித் தோட்டம் ஒன்றின் கணக்குப் புத்தகங்கள் வந்திருந்தன. மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவற்றை நிழலில் விரித்து ஒரு வாரம் தொடக்கூடாது என்று வைத்திருந்தார். மலையில் இருப்பவர்கள் பழைய காகிதத்தை வெயிலில் காய வைக்காமல் அப்படியே கொண்டுவருவது நல்லது என்கிறார், வெயில் பட்டால் முறுகிவிடுமாம்.

முதல் வால்யூம் அப்பாவுக்கு மிகவும் பிடித்தது. அதில் பத்திரிகை குறைவு. பெரும்பகுதி ஒரு வக்கீல் சந்தாதாரர் அப்பாவுக்குக் கொடுத்த டைப் அடித்த தாள்கள். ரொமேஷ் தாப்பர் வழக்கின் தீர்ப்பு, 1950 மே 26. சேலத்துக்காரர்கள் இந்த வழக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று அப்பா சொல்வார். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினாறே நாள் ஆகியிருந்தபோது, 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது, குடியிருந்தது அஸ்தம்பட்டிப் பக்கம். அன்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததைச் சொல்வார். அடுத்து மார்ச் 1-ம் தேதி, பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரவும் கூடாது, விற்கவும் கூடாது என்று மாநில அரசு உத்தரவு போட்டது. பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று 1949-ல் போட்ட சட்டத்தின்படி. பதினெட்டு நாள் இடைவெளி. இந்த இரண்டு தேதியையும் அப்பா ஒன்றின் கீழ் ஒன்றாகப் பென்சிலில் எழுதிக் கோடு போட்டிருக்கிறார்.

அந்த இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. தடை செல்லாது என்றார்கள். பேச்சுரிமை என்றால் கருத்தைப் பரப்புகிற உரிமையும் அதற்குள் அடக்கம், இதழைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சுதந்திரம் இல்லையென்றால் அச்சடித்து மட்டும் பெரிய பயன் இல்லை என்று அதில் வருகிறது. அப்பா அந்த இடத்தில் மட்டும் சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறார். எனக்குச் சின்ன வயதில் படித்துக் காட்டுவார். "பாரு, கோர்ட்டு நம்ம தொழிலைச் சொல்லுது. எழுதறவனும் அச்சடிக்கறவனும் மட்டும் இல்ல. சைக்கிள்ல கொண்டுபோய்ப் போடறவனும் அதுல சேர்த்தி." மழையிலும் ஒருநாள் விடாமல் அவர் லைன் போட்டதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

அந்த வெற்றி நிலைக்கவில்லை என்பதையும் அப்பா மறைக்கவில்லை. அடுத்த வருஷமே, 1951 ஜூனில், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு போட 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தைப் புதிதாகச் சேர்த்தார்கள். எந்தக் காரணம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதோ அதையே சட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் அதோடு வந்தது, அதுவரைக்கும் நல்லது.

இரண்டாவது வால்யூம் மெலிசு. ராசிபுரத்தில் பிறந்த வரதராஜுலு நாயுடு இதே சேலத்திலிருந்து 'தமிழ்நாடு' என்று வாரப் பத்திரிகை நடத்தி, எழுதியதற்காகச் சிறைக்குப் போனவர். அந்தப் பத்திரிகையின் ஒரு தாளைக்கூட அப்பாவால் தேடிப் பிடிக்க முடியவில்லை. அவரைப் பற்றிப் பின்னாளில் வந்த கட்டுரைகளைத்தான் கத்தரித்து வைத்திருக்கிறார்.

மூன்றாவதுதான் அவசரநிலை வால்யூம். முன்பு வெட்டுப்பட்டுப் போனது. ஐயா பழைய தையலைப் பிரித்து, மறுபடி தைத்துக் கொடுத்தார். வெட்டுப்பட்ட எழுத்து திரும்ப வராது, ஆனால் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் வெள்ளைப் பட்டி ஒட்டி அகலப்படுத்தியிருக்கிறார். இனி யாராவது தெரியாமல் மெஷினில் கொடுத்தாலும் பட்டிதான் வெட்டுப்படும். 

1975 ஜூன் 25 இரவு அவசரநிலை வந்தது. செய்தி, கார்ட்டூன், தலையங்கம் எல்லாம் தணிக்கைக்குப் போய் வந்தன. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்ட பிறகு பிடி இறுகியது. அந்த வாரமே அண்ணாவின் நினைவு நாள், பிப்ரவரி 3. கட்சிக்காரர்களைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று எழுத முடியாது, தணிக்கை விடாது. முரசொலியில் கலைஞர் ஒரு பட்டியல் போட்டார்: அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர முடியாதவர்கள் யார் யார் என்று. கைது என்ற சொல் இல்லை. பெயர்கள், வரிசையாகப் பெயர்கள். படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தாள் இந்த வால்யூமில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து மூன்று துண்டாக இருந்ததை ஐயா ஒரு பெயர்கூட மறையாமல் சேர்த்திருக்கிறார். ஒட்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

இந்த வால்யூமோடு சேர்த்துத் தைக்கச் சொல்லி, அப்பாவின் 1976 லைன் நோட்டு ஒன்றையும் கொடுத்திருந்தேன். சந்தாதாரர் பெயர், கதவு எண், எந்தப் பேப்பர் என்று எழுதி வைக்கிற நோட்டு. முழுவதும் நனைந்து மை கரைந்து நீலமாக இருக்கும், ஒரு பெயரைக்கூடப் படிக்க முடியாது. அந்த வருஷம் மழையில் நனைந்துவிட்டது என்றுதான் அப்பா சொல்வார். நானும் ஐம்பது வருஷமாக அதையே நம்பினேன்.

ஐயா அந்த நோட்டைப் புரட்டினார். முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம். மறுபடி முதலிலிருந்து. அப்புறம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது மழையில நனைஞ்சது இல்ல தம்பி."

"அப்பா அப்படித்தான் ஐயா சொன்னார்."

"மழைன்னா ஒரு மூலையில ஏறும். மேல நனைஞ்சிருக்கும், நடுவுல காஞ்சிருக்கும், கறை கோடு கோடா நிக்கும். இதுல பாருங்க, நாலு பக்கமும் ஒரே சீரா உள்ள போயிருக்கு. நடுத் தையல் வரைக்கும் தண்ணி ஏறி ஊறியிருக்கு. இது தொட்டியில முக்கி வெச்சது. ராத்திரி பூரா வெச்சிருக்கணும்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் உங்கிட்ட சொல்லலையா கண்ணு?" என்றார். ஆட்சி கலைந்து சில நாளில் சாதாரண உடையில் ஒருவர் வீட்டுக்கு வந்தாராம். இந்தத் தெருக்களில் குறிப்பிட்ட ஒரு பேப்பரை யார் யார் வாங்குகிறார்கள், நாளைக்கு வருகிறேன், நோட்டை எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்று இரவு அப்பா துணி துவைக்கிற தொட்டியில் நோட்டை முக்கி, மேலே ஒரு கல்லை வைத்தாராம். மறுநாள் அவர் வந்தபோது சொட்டச் சொட்ட எடுத்துக் காட்டி, தவறி விழுந்துவிட்டதுங்க சாமி என்றாராம். அவர் இரண்டு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

அதற்குப் பிறகு அவசரநிலை முடிகிறவரை அப்பா நோட்டே வைத்துக்கொள்ளவில்லை. 140 வீடு, எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பர், யார் பாக்கி, எல்லாம் தலையில்தான். அம்மா ராத்திரி படுக்கும் முன் ஒவ்வொரு தெருவாகக் கேட்பாராம், அப்பா ஒப்பிப்பாராம். அந்த நோட்டில் பெயர் இருந்தவர்களில் யாராவது இன்றைக்கு உயிரோடு இருந்தால், உங்களை ஒரு பேப்பர் ஏஜென்ட் காப்பாற்றினார் என்று உங்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கும். எனக்கே தெரியாது. ஒரு பைண்டர் கறையைப் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்த நாள் கடைக்குப் போய் ஐயாவிடம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த நோட்டைத் தைக்கும்போது கறை படிந்த ஓரங்களைச் சுத்தம் செய்யவில்லை, தாளை வெளுக்க வைக்கவும் இல்லை. "இதுதான் இதுல எழுதியிருக்கறது" என்றார்.

மற்ற வால்யூம்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்காவதில் 1987 ஆனந்த விகடன். மேடையில் உட்கார்ந்திருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேட்கிற அட்டைப்பட ஜோக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விட்டுவிட்டார்கள். அவர் அதோடு விடாமல் வழக்குப் போட்டு, அந்தக் கைது தவறு என்று தீர்ப்பு வாங்கினார். நஷ்ட ஈடு 1,000 ரூபாய், அதை ஃபிரேம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார். அந்த அட்டை இந்த வால்யூமில் பத்திரமாக இருக்கிறது. ஐயா அதற்கு முன்னும் பின்னும் டிஷ்யூ வைத்திருக்கிறார், வண்ண மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டாமல் இருக்க. சொல்லிச் செய்யவில்லை, அவராகவே செய்தது.

ஐந்தாவதில் 1994 நக்கீரன் வழக்கு. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடக்கூடாது என்று அதிகாரிகள் தடுத்தபோது, வெளிவரும் முன்பே தடுக்கிற அதிகாரம் அரசுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. இதற்கு அப்புறம் பல பத்திரிகைகள் இதைத்தான் கையில் பிடித்துக்கொண்டு நின்றன. இந்த வால்யூமின் ரெக்சினில் மட்டும் பின்பக்கம் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. கைக்குத் தெரியும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

ஆறாவதில் 2003 நவம்பர். தி இந்து நாளிதழின் ஐந்து பேருக்கும், அதன் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்டதற்காக முரசொலி ஆசிரியருக்கும் உரிமை மீறல் என்று தமிழகச் சட்டமன்றம் பதினைந்து நாள் சிறை விதித்தது. நவம்பர் 7 அன்று. மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அந்த நாட்களில் நான் லைன் போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக வாங்காதவர்கள்கூட வாசலில் நின்று கேட்டு வாங்கினார்கள். இதில் ஆட்சி யாருடையது என்று பார்த்தால் பெட்டியின் கதை புரியாது. காங்கிரஸ் காலத்துத் தாளும் இருக்கிறது, அ.தி.மு.க. காலத்துத் தாளும் இருக்கிறது, டெல்லியில் யார் இருந்தாலும் அவர்கள் காலத்துத் தாளும் இருக்கிறது. அப்பா ஓட்டுப் போட்ட கட்சிக்கு இந்தப் பெட்டியில் விலக்குக் கொடுத்ததில்லை. அதற்காகவே அவரை நான் கும்பிடுகிறேன்.

ஏழாவது நான் சேர்த்தது. அதில் என் மகள் கைவண்ணமும் உண்டு, அவள் சட்டம் படிக்கிறாள். வெள்ளைக்காரன் 1870-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கொண்டுவந்த 124ஏ பிரிவு, ராஜதுரோகம். திலகரை 1897-லும் 1908-லும் அதில்தான் தண்டித்தார்கள். 1908-ல் பாரதியின் 'இந்தியா' பத்திரிகைக்குச் சட்டப்படி பொறுப்பாளராக இருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார், பாரதி புதுச்சேரிக்குப் போனார். 1922-ல் காந்திக்கு ஆறு வருஷம். நாடு விடுதலை ஆன பிறகும் அந்தப் பிரிவு எழுபது வருஷத்துக்கு மேல் இருந்தது. 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் பயன்படுத்துவதை நிறுத்தி வைத்தது. பிறகு 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் வந்தது, அதில் ராஜதுரோகம் என்ற சொல் இல்லை. மகள் 152-வது பிரிவை எடுத்துப் படித்துக் காட்டினாள். இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கு ஊறு என்று இருக்கிறது. பழையதில் ஆயுள், அல்லது மூன்று வருஷம் வரை, அல்லது வெறும் அபராதம் என்று இருந்தது. புதியதில் ஆயுள், அல்லது ஏழு வருஷம் வரை. வெறும் அபராதத்தோடு விட வழியில்லை. பெயர் போய் பயம் தங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எந்த வாக்கியம் ஊறு, எது விமர்சனம் என்று காலை நாலு மணிக்குக் கட்டு பிரிக்கிற என்னால் சொல்ல முடியாது, எழுதுகிறவராலும் சொல்ல முடியாது. பிடிக்கிறவர்தான் சொல்வார்.

இந்த வால்யூமில்தான் ஐயாவுக்கே ஒரு சிக்கல் வந்தது. 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்களை விலங்கு மாட்டி அனுப்பியதை வைத்துப் பிரதமரைப் பற்றி விகடன் ஒரு கார்ட்டூன் போட்டது. விகடனின் இணையதளத்தையே முடக்கினார்கள். போனில் திறந்தால் திறக்கவில்லை. மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கார்ட்டூனை எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கலாம் என்றது. தளம் வந்துவிட்டது. இதை எதில் தைப்பது? ஐயாவிடம் போனைக் காட்டிக் கேட்டேன். அவர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அச்சுல வந்தா ஒருத்தன் பெட்டியில இருக்கும், இன்னொருத்தன் பரண்ல இருக்கும். இது எங்க இருக்கும் தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. செய்தித்தாள்களில் வந்த அந்தச் செய்தியின் தாள்களை மட்டும் சேர்த்துக் கொடுத்தேன். அந்த வாரத்துத் தாள்கள் எங்கள் வீட்டிலேயே ரிட்டர்னில் இருந்தன. இன்னும் வெள்ளையாக இருக்கின்றன, ஏழு வால்யூமில் இதுதான் பார்க்கப் புதுசு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தாமதம் உண்மை, இருமடங்கு நாள் ஆனது. அவசர வேலை என்றால் இவரிடம் கொடுக்காதீர்கள். மூன்றாவது வால்யூமின் முதுகில் 1976 என்பதற்கு 1978 என்று எழுதிவிட்டார். சொன்னதும் அங்கேயே உரித்து வேறு சீட்டு ஒட்டினார், காசு வாங்கவில்லை. தங்க எழுத்து அவர் போடுவதில்லை, கையால்தான் எழுதுகிறார். கடையில் உட்கார இடமில்லை. காலையில் மண்டிக்கு லாரி வரும், வண்டியை நிறுத்தவே முடியாது. மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். அமாவாசையன்று கடை கிடையாது. போனில் விலை கேட்டால் சொல்ல மாட்டார், தாளைக் கையில் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார். கொடுக்கும்போது எத்தனை தாள் என்று எண்ணி ஒரு சீட்டில் எழுதி அவர் முன்னாலேயே வையுங்கள். அவரும் எண்ணிச் சரிபார்ப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார். திரும்ப வாங்கும்போது எனக்கு ஒரு தாள்கூடக் குறையவில்லை. எடுத்த துருப்பின்களைக்கூட ஒரு தீப்பெட்டியில் போட்டு, உங்கள் சாமான் என்று கொடுத்தார்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கறுப்பு அட்டை போன இடத்தில் ஒரு கறுப்புத் தாளை வைத்துத் தைக்கட்டுமா என்று ஐயா கேட்டார். வேண்டாம் என்றேன். அப்பா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார், இல்லாததை இருந்தது போல வைக்கக் கூடாது. சரி என்று சொல்லி, அந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தாள் பட்டி ஒன்றைத் தைத்துவிட்டிருக்கிறார். அட்டை எப்போது கிடைத்தாலும் வால்யூமைப் பிரிக்காமல் அதில் ஒட்டிக்கொள்ளலாமாம். ஒட்டித் தர காசு வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டுப் பரணில் 1975-ன் அந்தத் துக்ளக் இதழ் அட்டையோடு கிடந்தால், கிழிந்திருந்தாலும், கறையாக இருந்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். நேரில் வந்து, கேட்கிற விலைக்கு வாங்கிக்கொள்கிறேன். விற்க மனமில்லை என்றால் ஒருமுறை பார்க்க மட்டும் விடுங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.